எட்டாவது மேசைக்குப் போகும் காற்று

சூப்பர்வைசர் ஒரு பாவாடையின் இடுப்புப் பட்டியை இரண்டு விரலால் பிடித்து என் மூக்குக்கு நேராகத் தொங்கவிட்டார். காலையில் போட்ட மடிப்புகள் அத்தனையும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

"இதுக்குப் பேரு மடிப்பாம்மா? உங்க நாத்தனார் போட்டது" என்றார்.

"துணி புதுசு சார். ஒரு தடவை கழுவினா சரியாயிடும்" என்று வாய்க்கு வந்ததை உளறினேன். எனக்கே சிரிப்பு வந்திருக்கும், மானம் போகிற நேரமாக இல்லாமல் இருந்திருந்தால்.

"நீங்க சொன்னீங்கன்னுதான் எடுத்தேன். இந்த ஆர்டர் போறதுக்குள்ள மானேஜர் அம்மா நேர்ல வந்து அந்தப் பொண்ணு வேலையப் பார்ப்பாங்க. அப்பவும் இப்படியே இருந்தா நிரந்தரம் கிடையாது. கணக்க முடிச்சு அனுப்பிடுவாங்க. அப்புறம் என்கிட்ட வந்து சண்டை போடாதீங்க."

நான் சண்டை போடுகிறவளாம். போட வேண்டிய இடத்தில் போடாமல் பூப்போட்டா கும்பிட முடியும்?

எங்கள் இஸ்திரிக் கூடத்தில் எட்டு மேசைகள், ஒன்றன்பின் ஒன்றாக. முதல் மேசை என்னுடையது. எட்டாவது மேசை என் வீட்டுக்காரரின் தங்கையுடையது. அவளை வீட்டில் எல்லோரும் சின்னவள் என்போம். மடிப்புப் பாவாடை போடுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நடுவில் இருக்கிற மற்றவர்களுக்குச் சட்டை, கால்சட்டை, கோட்டு.

சின்னவள் புருஷனை விட்டு வந்தவள். அவன் அடித்தான், உதைத்தான் என்று அவள் சொல்லவில்லை. வேலைக்குக் கிளம்பும்போது வீட்டிலிருக்கும் அவளுடைய செருப்புகளையெல்லாம் ஒரு பையில் போட்டுத் தன்னோடு எடுத்துக்கொண்டு போவானாம். வெயிலில் எங்கே போய்விடுவாள் என்ற எண்ணம். ஒரு மத்தியானம் அவள் வெறுங்காலோடு நடந்து எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பாதம் முழுக்கக் கொப்புளம். அன்றைக்கு நான் அவனைத் திட்டிய திட்டில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

திட்டுவது சுலபம். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டே அறை. அதில் நாங்கள், எங்கள் பிள்ளைகள், இப்போது இவளும். அவன் வாரத்துக்கு ஒரு தடவை வந்து, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "அனுப்பி வைங்க மச்சான்" என்று கெஞ்சிவிட்டுப் போவான். என் வீட்டுக்காரர் வாயில்லாப் பூச்சி. யாராவது இரண்டு தடவை கெஞ்சினால் கரைந்துவிடுவார்.

"வேலை நிரந்தரம் ஆகட்டும், பார்க்கலாம்" என்பார் என்னிடம். "ஆகலைன்னா என்ன பண்றது, நீயே சொல்லு. எத்தனை நாளைக்கு அவனத் திருப்பி அனுப்புறது?"

வேலை நிரந்தரமான பெண்களுக்குத் தொழிற்கூடத்துக்குப் பின்னால் விடுதி உண்டு. ஒரு கட்டில், ஒரு அலமாரி, வாசலில் காவலாளி. வெளியாள் ஒருவன் அந்தக் கேட்டைத் தாண்ட முடியாது. அந்தக் கட்டில் கிடைத்தால் சின்னவள் தப்பித்தாள். கிடைக்காவிட்டால் மறுபடியும் அவன் வீடுதான். அதனால்தான் அந்தப் பாவாடையைப் பார்த்ததும் வாய்க்கு வந்ததை உளறினேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போதே ஆரம்பித்துவிட்டேன்.

"எத்தனை தடவைடி சொல்றது? ஆவி விட்ட உடனே பெடல மிதி, மிதின்னு. காலை எடுக்காதேன்னு சொன்னேனா இல்லையா?"

"மிதிச்சுக்கிட்டேதான் இருக்கேன் அண்ணி."

"அப்புறம் எப்படி ஈரம் நிக்குது? கையில வேகம் இல்ல. நெனப்பு எங்கயோ இருக்கு."

சாப்பாட்டுப் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு மெல்ல, "என் மேசையில காத்து வரமாட்டேங்குது அண்ணி" என்றாள்.

"வேலை தெரியாதவங்க எல்லாரும் சொல்றது இதுதான். மேசை மேல பழி போடு, குழாய் மேல பழி போடு. நாளைக்கு நீ என் மேசையில நில்லு, நான் உன் மேசையில நிக்கறேன். எப்படிப் போடறதுன்னு காட்டறேன்."

இஸ்திரி என்றால் பெட்டியை மேலே தேய்ப்பது மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். பாதி வேலை கீழே நடக்கிறது. எங்கள் மேசையின் மேல்பக்கம் மெல்லிய விரிப்பு, அதன் அடியில் கம்பி வலை, வலைக்குக் கீழே ஒரு குழாய். காலால் பெடலை மிதித்தால் அந்தக் குழாயின் மூடி திறக்கும். பெட்டியிலிருந்து வரும் ஆவியைத் துணி வழியாகக் கீழே இழுத்துக்கொள்ளும். சூட்டோடு போட்ட மடிப்பு அப்படியே உலர்ந்து இறுகிவிடும். இழுவை இல்லாவிட்டால் ஆவி துணியிலேயே தங்கி, மாட்டுகிற கொக்கிக்குப் போவதற்குள் மடிப்பு அவிழ்ந்துவிடும். எட்டு மேசைக் குழாய்களும் சுவரோரமாக ஓடும் ஒரே பெரிய குழாயில் சேரும். அந்தப் பெரிய குழாய் என் மேசையைத் தாண்டிச் சுவரைத் துளைத்துக்கொண்டு, அந்தப்பக்கம் காற்றை உறிஞ்சியபடி இரைந்துகொண்டிருக்கும் ஃபேனில் போய் முடியும்.

மறுநாள் நான் எட்டாவது மேசைக்குப் போனேன். போகும்போதே சின்னவளிடம், "என் மேசையில நின்னுகிட்டுக் காலை எடுத்துடாதே. மிதிச்சபடியே இரு. அதுதான் முறை" என்று எச்சரித்துவிட்டுத்தான் போனேன்.

முதல் பாவாடையை விரித்தேன். மடிப்பு அடுக்கினேன். ஆவி விட்டுப் பெட்டியை இழுத்தேன். பெடலை மிதித்தேன். உள்ளங்கையை மேசைமேல் வைத்துப் பார்த்தேன். யாரோ தூக்கத்தில் மூச்சு விடுகிற மாதிரி லேசாக ஏதோ இருந்தது, அவ்வளவுதான். இன்னும் ஓங்கி மிதித்தேன். பாவாடையைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினேன். என் கண் முன்னாலேயே மடிப்புகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. நான் போட்ட மடிப்பு! இந்தக் கூடத்தில் என் மடிப்பைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்குக் கற்றுக் கொடுப்பார்கள்!

நிமிர்ந்து பார்த்தேன். என் மேசையில் சின்னவள் போட்ட பாவாடை கொக்கியில் கத்தி முனையாக நின்றது.

நாலாவது மேசைக்காரி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நாள் முழுக்க வாய் ஓயாததால் அவளுக்கு வானொலி என்று பெயர். "என்னக்கா, உங்க கையிலயும் வேகம் இல்லையா?" என்றாள். முந்தின நாள் சாயங்காலம் நான் தெருவில் கத்தியது அவள் காதில் விழுந்திருக்கிறது. எனக்குக் காது மடல் சுட்டது.

ஆனால் சும்மா விடுவேனா? மெஷின், குழாய் பழுது பார்க்கிற பிட்டரைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தேன். அவன் குழாயைத் தட்டிப் பார்த்தான், மேசை மேல் ஒரு காகிதத் துண்டை வைத்துப் பார்த்தான், தலையைச் சொறிந்தான்.

"குழாய் அடைக்கலக்கா. காத்துக்கு நம்மள மாதிரி வேண்டியவங்க வேண்டாதவங்கல்லாம் கிடையாது. எந்த வழி சுலபமோ அதுல போகும். உங்க மேசைக்கும் ஃபேனுக்கும் கூப்பிடு தூரம். இங்கேர்ந்து போறதுன்னா இந்த நீளக் குழாய் முழுக்க உரசிக்கிட்டு, ரெண்டு வளைவுல முட்டிக்கிட்டுப் போகணும். முன்வாசல் திறந்து கிடக்கும்போது எவன் சந்து பொந்தெல்லாம் சுத்துவான்?"

"பெரிய ஃபேனா போட வேண்டியதுதானே?" என்றாள் வானொலி.

"போட்டா முதல் மேசையில பாவாடையோட சேர்த்து அக்காவும் உள்ள போயிடுவாங்க. கடைசி மேசை அப்பவும் ஏங்கிட்டுத்தான் இருக்கும்." சிரித்தவன் பிறகு நிதானமாகச் சொன்னான். "ஒவ்வொரு கிளைக் குழாய்லயும் ஒரு தகடு இருக்கு. கிட்ட இருக்கிற மேசையில அதைக் கொஞ்சம் சாத்தணும். இங்க தடை வச்சாத்தான் அங்க போகும். ஆனா ஒண்ணைத் தொட்டா மத்த ஏழும் மாறும். மறுபடி முதல்லேர்ந்து வரணும். ஒரு நாள் முழுக்க எல்லா மேசையும் நிக்கணும்க்கா."

எல்லா மேசையும் நிற்க வேண்டும் என்ற வார்த்தையைக் கேட்டதும் சூப்பர்வைசர் முகம் கறுத்துவிட்டது.

"ஆர்டர் போகட்டும், அப்புறம் பார்ப்போம்."

"ஆர்டர் போறதுக்குள்ள அவ போயிடுவாளே சார்!"

"ஏம்மா கத்துறீங்க? எல்லாருக்கும் ஒரே ஃபேன், ஒரே குழாய். நான் என்ன பாரபட்சமா பார்க்கிறேன்? இன்னொண்ணு, மேசை மாத்திக்கிற வேலையெல்லாம் இனிமே வேண்டாம். பாவாடையில மேசை நம்பர் போடுறோம். அவங்கவங்க இடத்துல அவங்கவங்க நில்லுங்க."

நான் என் இடத்துக்கு வந்தேன். பிட்டர் சொன்னதில் எனக்கு ஒரு ஆறுதலும் இருந்தது, ஒளிப்பானேன். குற்றம் சின்னவள் கையிலும் இல்லை, என் பேச்சிலும் இல்லை, குழாயில் இருக்கிறது. குழாயைத் திட்டினால் அது திருப்பிப் பேசாது.

டீ நேரத்தில் எல்லோரையும் கூட்டினேன். சின்னவளைக் கோப்பைகளைக் கழுவ அனுப்பிவிட்டு விஷயத்தைச் சொன்னேன். செருப்புப் பை விஷயத்தையும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ, ஆனால் சொன்னேன். ஆறு பேரும் டீயைக் குடிக்காமல் கேட்டார்கள்.

"மானேஜர் அம்மா வந்து அவ பக்கத்துல நிப்பாங்க. அவ ஆவி விட்டுப் பெட்டிய எடுப்பா. அப்ப நான் இருமுவேன். இருமினதும் எல்லாரும் பெடல்லேர்ந்து காலை எடுத்துடுங்க. காத்து முழுசும் அவளுக்குப் போகட்டும்."

"ஒரு தடவை என்ன, ஒரு நாள் முழுக்க எடுக்கச் சொன்னாலும் எடுக்கறோம்க்கா" என்றாள் வானொலி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மானேஜர் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் ஒரு முற்பகலில் வந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு நேரே எட்டாவது மேசைக்குப் போனார். சூப்பர்வைசர் பின்னாலேயே போனார். சின்னவள் பாவாடையை விரித்தாள். மடிப்புகளை விரலால் நீவி அடுக்கினாள். நான் என் மேசையிலிருந்து திரும்பி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பெட்டியை நிதானமாக இழுத்தாள், ஆவி புஸ்ஸென்று கிளம்பியது. பெடலை மிதித்தாள்.

நான் இருமினேன்.

ஏழு கால்களும் ஒரே நேரத்தில் மேலே எழுந்தன. சுவருக்குப் பின்னால் ஃபேன் சத்தம் சட்டென்று மாறியது. இத்தனை வருஷத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. எட்டாவது மேசையில் பாவாடை சப்பென்று ஒட்டிக்கொண்டது. சின்னவள் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள், வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். பதறிக் காலை எடுத்த பிறகுதான் துணி விட்டது. மெல்லிசுத் துணி, சூடும் ஈரமுமாக இருந்த துணி. கம்பி வலையின் கட்டங்கள் அதன் மேல் மேலிருந்து கீழ்வரை அச்சாகப் பதிந்திருந்தன.

"என்னம்மா இது?" என்றார் மானேஜர் அம்மா.

ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். நல்லது செய்கிறேன் என்று கிளம்பி அவள் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுவிட்டேன். ஏழு பேர் விட்ட காற்றும் ஒரு மேசைக்குப் போனால் என்ன ஆகும் என்று எங்களில் ஒருத்திக்காவது தோன்ற வேண்டாமா? வானொலி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சூப்பர்வைசர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு.

சின்னவள் அழவில்லை. பெட்டியை அதன் தட்டில் வைத்தாள். தலையைத் தூக்கி எங்கள் வரிசை முழுவதையும் பார்த்தாள்.

"மேடம், ஒரு நிமிஷம்" என்றாள். பிறகு, எங்கள் வீட்டில் ஒரு நாளும் கேட்காத குரலில், கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "எல்லாரும் அவங்கவங்க வேலையப் பாருங்க. எப்பவும் போல மிதிங்க. அண்ணி மட்டும் காலை எடுத்துடுங்க."

ஆறு பெடல்கள் இறங்கின. பெட்டிகள் நகர ஆரம்பித்தன. நான் மட்டும் வகுப்பில் எழுப்பி நிறுத்தப்பட்ட பிள்ளையைப் போல இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றேன்.

அவள் அதே பாவாடையை எடுத்தாள். ஆவியைத் தாராளமாக விட்டு, வலைக் கட்டங்களை நீவிக் கரைத்தாள். மறுபடியும் மடிப்பு அடுக்கினாள். பெட்டியை இழுத்தாள். பெடலை மிதித்தாள், முழுக்க இல்லை, பாதி. கையை வைத்துப் பார்த்து இன்னும் கொஞ்சம் இறக்கினாள். எண்ணிக்கொண்டிருந்தாள் போல, உதடு அசைந்தது. எடுத்துக் கொக்கியில் மாட்டினாள். மானேஜர் அம்மா கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு பார்த்தார். பாவாடையைப் பிடித்து நன்றாக உதறினார். ஒரு மடிப்பு அசையவில்லை.

"அவங்க மிதிக்காம நின்னா உனக்கு எப்படிச் சரியாகுது?"

"அவங்க மேசை ஃபேன் பக்கத்துல மேடம். அவங்க மிதிச்சா இங்க காத்து அப்படியே படுத்துடும். ரெண்டாவது அக்கா மிதிச்சா பாதி குறையும். நாலாவது, அஞ்சாவது எல்லாம் சமாளிச்சுக்கலாம். அண்ணி பாவாடைய மாட்டுறப்பக் கூடப் பெடல விட மாட்டாங்க. அவங்க குனிஞ்சு அடுத்த துணி எடுக்கிறப்ப ஒரு தரம் கால் நகரும். அந்த நேரம் பார்த்து நான் மிதிச்சா மடிப்பு நிக்கும்."

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் கடைசியில நிக்கிறேன் மேடம். எல்லார் காலும் தெரியும்."

என் மேசையிலிருந்து பார்த்தால் சுவர் தெரியும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

மானேஜர் அம்மா சூப்பர்வைசரிடம், "பிட்டரைக் கூப்பிடுங்க. இன்னைக்கே எல்லா மேசையையும் நிறுத்துங்க" என்றார். "ஆர்டர்..." என்று அவர் இழுத்தார். "அவிழ்ந்து போற பாவாடைய அனுப்பி என்ன பண்ணப் போறீங்க? இந்தப் பொண்ணு பேர நிரந்தரத்துல சேர்த்துடுங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை மறுபடி நெற்றியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வானொலி ஓடிவந்து சின்னவளைக் கட்டிக்கொண்டாள். நான் போகவில்லை. என் கால் பெடலுக்கு எட்டத்தில், சொன்ன இடத்திலேயே நின்றது.

வார விடுமுறையில் அவளை விடுதியில் கொண்டுபோய் விட்டேன். சாமான் ஒரே ஒரு பைதான். என் வீட்டுக்காரர் கேட் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்து, காவலாளி தடுத்ததும், அதில் ரொம்ப சந்தோஷப்பட்டவராகத் திரும்பிப் போனார். மாடியில் ஜன்னலோரக் கட்டில். சின்னவள் விரிப்பை உதறிப் போட்டு, நான்கு மூலையையும் இழுத்துச் சொருகினாள். ஒரு சுருக்கம் இல்லை.

அதுவரைக்கும் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"என் காலாலதான்னு உனக்கு எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"வந்த கொஞ்ச நாள்லயே தெரியும் அண்ணி."

"அடிப்பாவி! தெரிஞ்சுமா வாயத் திறக்கல? வேலை போயிருந்தா அவன்கிட்ட இல்ல திரும்பிப் போயிருப்ப? 'அண்ணி, காலை எடுங்க'ன்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்றதுக்கு உனக்கு என்ன கேடு?"

அவள் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லணும்னு வருவேன் அண்ணி. ஆனா சாயங்காலம் உங்க வீட்டுக்குத்தானே வரணும்."

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. மழை பெய்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு போகிறவனிடம் திரும்பிப் போவதைக்கூட அவள் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்திருக்கிறாள், என் முகம் சுளிப்பதைப் பார்ப்பதற்குப் பதிலாக. வெறுங்காலோடு வந்தவளை அன்றைக்கு உள்ளே கூப்பிட்டு, மஞ்சள் தண்ணீரில் பாதத்தைக் கழுவிவிட்டவள் நான். சண்டை போட்டிருக்கிறேன், திட்டியிருக்கிறேன். அதெல்லாம் எல்லோரிடமும் செய்வதுதானே?

"உன்ன ஒரு நாளாவது வெளிய போன்னு சொல்லியிருப்பேனாடி?" என்றேன்.

"இல்ல அண்ணி" என்றாள் உடனே. என் கையைப் பிடித்துக் கட்டிலில் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். "நீங்க ஒரு நாளும் சொன்னதில்ல. நான்தான் தினமும் எதிர்பார்த்துக்கிட்டே இருந்தேன்."